பதில்: எஞ்சின் போன பழைய பைக், மாத்தலாமா வேணாமா?
நண்பா, ஓடிட்டு இருக்கும்போதே எஞ்சின் ஜாம் ஆயிடுச்சு, மெக்கானிக் முழு எஞ்சினையே மாத்தச் சொல்றார்னு எழுதிருக்கீங்க. அவசரப்படாதீங்க, முதல்ல ஹெட்டையும் (எஞ்சினோட மேல் மூடி) சிலிண்டரையும் (பிஸ்டன் மேலயும் கீழயும் ஓடுற குழாய்) மட்டும் கழட்டிப் பாக்கச் சொல்லுங்க, சிலிண்டர்ல கோடு மட்டும் விழுந்திருந்தா ரீபோர் பண்ணி (உள்பக்கத்தைக் கடைஞ்சு லேசா பெருசாக்கி) 0.25 இல்லன்னா 0.50 எம்எம் ஓவர்சைஸ் பிஸ்டன் (அந்த அளவு பெரிய பிஸ்டன்) போட்டு ஓட்டிடலாம். பிஸ்டனையும் கிராங்கையும் (எஞ்சினுக்குள்ள சுத்துற தண்டு) இணைக்கிற கனெக்டிங் ராடை மேலயும் கீழயும் இழுத்துப் பாருங்க (பக்கவாட்டுல லேசா ஆடுறது சகஜம்தான், அதைக் காட்டிப் பயமுறுத்துவாங்க), லொடக்குன்னு அடிச்சா பிக் எண்ட் பேரிங் (ராடோட கீழ்முனையில இருக்கிற பேரிங்) போச்சு, கிராங்கை வெளிய எடுத்தாகணும், செலவு ஏறும். கிராங்கை மூடியிருக்கிற கூடு, அதாவது கிராங்க் கேஸே ஓட்டை விழுந்திருந்தா மட்டும் வேற எஞ்சின் யோசிங்க. எது பண்ணாலும் ஆயில் பம்பைப் பாக்காம விட்டுடாதீங்க, ஆயில் மேல ஏறலன்னா புதுப் பிஸ்டனும் அதே கதிதான். சேஸிஸ் (பைக்கோட ஃபிரேம்) துருப்பிடிச்சு, பார்ட்ஸும் கிடைக்கலன்னா நானா இருந்தா வித்துடுவேன்.