ஆபரேஷனுக்குப் பிறகு ஏறிய சர்க்கரை, சர்க்கரை நோய்தானா?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. இதுவரை சர்க்கரை நோய் இருந்ததில்லை. கீழே விழுந்து தொடை எலும்பு முறிந்து ஆபரேஷன் நடந்தது. மறுநாள் சர்க்கரை 212 என்று இன்சுலின் போட ஆரம்பித்துவிட்டார்கள். இனி ஆயுசுக்கும் ஊசிதானா?

பதில்: அந்த ஒரு எண்ணை வைத்து அப்படி முடிவுகட்ட வேண்டாம். பலத்த அடி, பெரிய ஆபரேஷன், கடும் தொற்று எது வந்தாலும் அட்ரினலின், கார்டிசால் என்ற ஹார்மோன்கள் எகிறும். கல்லீரல் தன் சர்க்கரைச் சேமிப்பை ரத்தத்தில் இறக்கும். அது குறையக் குறைய, தசையிலிருந்து வரும் புரதத்தைக் கொண்டு புதிதாகச் சர்க்கரை செய்யும். தசைகளோ இன்சுலினுக்கு முன்போலக் கட்டுப்படாது. மூளைக்கும் காயத்தை ஆற்றும் செல்களுக்கும் எரிபொருள் தட்டுப்படக் கூடாதே என்று உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு இது.

இதற்கான விலையைத் தசைதான் கொடுக்கிறது. புரதம் கரைந்தால் அதிலுள்ள நைட்ரஜன் சிறுநீரில் போகும். கால் எலும்பு முறிந்தவர்களின் சிறுநீரில் அது கூடுதலாக வெளியேறுவதை 1930-களிலேயே ஸ்காட்லாந்து மருத்துவ ஆய்வாளர் டேவிட் கத்பர்ட்சன் கவனித்தார். அடிபட்ட இடத்தில் மட்டுமல்ல, உடல் முழுக்கத் தசை கரைகிறது. சில நாள் கழித்து அப்பாவின் அடிபடாத தொடையைத் தொட்டுப் பாருங்கள், அதுவும் தளர்ந்திருக்கலாம். அதனால் சர்க்கரைக்குப் பயந்து அவரைப் பட்டினி போடாதீர்கள். புரதம் வேண்டும், மருத்துவர் அனுமதித்ததும் நடக்கவும் வேண்டும். வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள், வலியும் சர்க்கரையை ஏற்றும்.

சரி, தற்காலிகம் என்றால் இன்சுலின் எதற்கு? தொடர்ந்து 180-க்கு மேல் நின்றால் காயத்தில் தொற்று வர வாய்ப்பு கூடும். பொதுவாக 140 முதல் 180-க்குள் வைத்தால் போதும். நூறுக்குக் கொண்டுவரச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், தாழ்சர்க்கரை இன்னும் ஆபத்து. ஊசியை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

எச்பிஏ1சி பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். அது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும். 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் நோய் முன்பே இருந்திருக்கக்கூடும். ரத்தம் ஏற்றியிருந்தால் இந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது. இயல்பாக இருந்தாலும், வீடு திரும்பி 6 முதல் 12 வாரத்துக்குள் வெறும் வயிற்றில் ஒருமுறை பாருங்கள், அப்புறம் வருடாவருடம். இப்படிச் சர்க்கரை ஏறியவர்களுக்குப் பின்னாளில் நோய் வரும் வாய்ப்பு சற்று அதிகம்.

அப்பா மூட்டுவலிக்கோ ஆஸ்துமாவுக்கோ நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவரா? அப்படியென்றால் இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த மாத்திரையால் கார்டிசாலைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி மந்தமாகியிருக்கலாம், இந்த நேரத்தில் தேவையான கார்டிசாலை அதனால் தர முடியாமல் ரத்த அழுத்தம் சரிந்துவிடலாம்.