போனில் லொகேஷனை அணைத்துவிட்டால் யாராலும் நம்மைப் பின்தொடர முடியாதா?

முடியும். ஜிபிஎஸ் சிப் செயற்கைக்கோள் சிக்னலை வாங்குமே தவிர, எதையும் அனுப்பாது. நம் இடத்தை வெளியே சொல்வது மற்ற பாகங்கள்தான்.

செல் டவரை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் நாம் செய்ய அதிகம் இல்லை. அழைப்பு வந்தால் எந்தப் பகுதியில் தேடுவது என்று நெட்வொர்க்குக்குத் தெரிந்தாக வேண்டும். சிக்னல் போய்வரும் நேரத்தை வைத்து டவரிலிருந்து நாம் இருக்கும் தூரமும் கிடைக்கும். 4ஜி-யில் அந்தத் தூரம் சுமார் 78 மீட்டர் படிகளாக அளக்கப்படுகிறது. ஏர்பிளேன் மோட் போட்டால் நிற்கும், கூடவே போன் வருவதும் நிற்கும்.

ஆண்ட்ராய்டில் வைஃபையை அணைத்தாலும் ஸ்கேனிங், அதாவது சுற்றியுள்ள வைஃபை சிக்னல்களைத் தேடி இடத்தைக் கணிப்பது, தனியாக ஓடலாம். லொகேஷன் சர்வீசஸ் உள்ளே வைஃபை ஸ்கேனிங், புளூடூத் ஸ்கேனிங் இரண்டையும் அணையுங்கள். ஐபோனில் கன்ட்ரோல் சென்டரில் வைஃபை ஐகானைத் தட்டினால் இணைப்புதான் துண்டாகும். வைஃபை ஓடிக்கொண்டேதான் இருக்கும். முழுதாக அணைக்க செட்டிங்ஸுக்குள் போக வேண்டும்.

உண்மையில் நேரம் செலவிட வேண்டிய இடம் ஆப்கள். ஒவ்வொரு ஆப்பின் லொகேஷன் அனுமதியையும் 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்றுங்கள். ஆண்ட்ராய்டு 12, ஐஓஎஸ் 14 முதல் துல்லிய இடத்தைத் தனியாக மறுக்கலாம். வானிலை ஆப்புக்கு ஊர் தெரிந்தால் போதாதா, தெரு எதற்கு?

அடுத்து விளம்பர ஐடி. வெவ்வேறு ஆப்கள் திரட்டியதை ஒரே ஆளின் கணக்கில் சேர்க்க உதவும் எண் அது. ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் 'ஆட்ஸ்' என்று தேடினால் ரீசெட், டிலீட் இரண்டும் வரும். டிலீட்டைத் தேர்ந்தெடுங்கள். ரீசெட் செய்தால் புது எண் கிடைக்கும். ஆனால் இரவில் அதே வீடு, பகலில் அதே அலுவலகம் என்றால் பழைய எண்ணும் புது எண்ணும் ஒரே ஆள் என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? 15 லட்சம் பேரின் செல்போன் தரவை வைத்து 2013-இல் வெளியான ஆய்வில், இடமும் நேரமும் சேர்ந்த 4 புள்ளிகளே 95 சதவீதம் பேரைத் தனித்துக் காட்டப் போதுமாக இருந்தன. 'பெயரை நீக்கிவிட்டுத்தான் விற்கிறோம்' என்று தரவை விற்பவர்கள் சொல்லும் வாதத்தை இதனால்தான் நான் பொருட்படுத்துவதில்லை. ஐபோனில் பிரைவசி பகுதியில் டிராக்கிங் கோரிக்கைகளை மொத்தமாக மறுத்துவிடலாம்.

நம் இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் விபிஎன் போட்டால் போதுமே என்பார்கள். இடத்தைக் காட்டுபவற்றில் அது ஐபி முகவரியை, அதாவது நம் இணைய இணைப்பின் எண்ணை, மட்டும்தான் மறைக்கும். லொகேஷன் அனுமதி ஏற்கெனவே வாங்கிவிட்ட ஆப்புக்கு விபிஎன் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.