கைமாற்றாக ஒரு நன்றி

கேள்வி: ரீச்சர், எனக்கு 44 வயது. போன வைகாசியில் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். இரண்டு பிள்ளைகள், பெரியவள் இந்த முறை ஓ.எல். பரீட்சை எழுதுகிறாள். அவர் இல்லாவிட்டாலும் வயலைத் தரிசாக விடக்கூடாது என்று தாலிக்கொடியை அடைவு வைத்து மூன்று ஏக்கரில் காலபோக நெல் விதைத்தேன். கார்த்திகைக் கடைசியில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் பயிரை மூடி, மேலே மணலையும் கொட்டிவிட்டுப் போனது. ஐந்து மாட்டில் இரண்டு கட்டின கயிற்றோடு செத்துக் கிடந்தன. டிசம்பர் 31 இரவு எங்கள் கத்தோலிக்கக் கோயில் பூசையில் சுவாமி (குருவானவர்), "இந்த ஆண்டுக்காக நன்றி சொல்லுவோம்" என்றார். ஒவ்வொருவராக எழும்பிச் சொன்னார்கள். என் முறை வந்தபோது வாய் திறபடவில்லை. பக்கத்தில் இருந்த அக்கா, "உயிரோடை இருக்கிறாய்தானே, அதுக்காவது சொல்லன்" என்றார். பாதியில் எழும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். என் விசுவாசம் போய்விட்டதா? நன்றி இல்லாத மனதோடு கோயிலுக்குப் போவது நடிப்பா?
பெயர் வேண்டாம், ஒட்டுசுட்டான்

பதில்: பிள்ளை, விசுவாசத்துக்குப் பிறகு வருவோம். அழிவைக் கமநல சேவை நிலையத்தில் பதிந்தீரா? வயல் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் இறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு கிராம சேவையாளரிடம் ஒரு தடவை போய் வாரும். மாடுகளையும் சொல்லும். வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் இருந்தால் பட்டியலில் பெயர் வராது. நான் கமக்காரன் மகள், இதைக் கேட்காமல் வேதம் பேச எனக்கு வராது.

சரி, இப்போது உமது கேள்வி.

நான் அடம்பன் பக்கம். 2008இல் போருக்குப் பயந்து வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டு, மல்லாவி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கடைசியில் மாத்தளன் மணலில் போய் நின்றோம். 2009 ஏப்ரலில் அங்கேதான் என் கடைசித் தம்பி செல் விழுந்து செத்தான். பங்கருக்குப் பக்கத்திலேயே தாட்டுவிட்டு வந்தோம். பிறகு செட்டிகுளத்தில், மெனிக் ஃபார்ம் அகதி முகாமின் கூடாரத்தில் இருந்தோம். அங்கே தறப்பாளுக்குக் கீழே ஞாயிறு பூசை வைத்தார்கள். நான் போனேன். எல்லாவற்றுக்கும் மறுமொழி சொன்னேன், ஓர் இடத்தைத் தவிர. உமக்குத் தெரியும், நற்கருணை மன்றாட்டு தொடங்கும்போது சுவாமி நன்றி சொல்லக் கூப்பிடுவார், நாங்கள் "அது தகுதியும் நீதியும் ஆனதே" என்போம். அந்த இடம் வந்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். எது தகுதி? எது நீதி? இருபது வருடம் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பித்தவள் நான். அந்த ஒரு வரியில் மட்டும் மாதக்கணக்காக வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

எனக்குப் பக்கத்தில் வழமையாக ஓர் ஆச்சி இருப்பார். மகனையும் மருமகளையும் பறிகொடுத்துவிட்டுப் பேரனோடு வந்தவர். அந்த வரி வந்தால் தறப்பாள் அதிரச் சத்தமாகச் சொல்லுவார். எனக்கு எரிச்சல், உண்மையைச் சொன்னால். ஒரு நாள் தண்ணீர் வரிசையில் கேட்டுவிட்டேன், "எப்பிடி ஆச்சி உங்களாலை அதைச் சொல்ல முடியுது?" அவர் வாளியை நிலத்தில் வைத்துவிட்டுச் சொன்னார்: "நீ சொல்லேல்லை எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. அதாலைதான் உன்ரை பங்கையும் சேர்த்துச் சொல்லுறன். பிறகு எனக்கு ஏலாத நாளிலை நீ சொல்லு."

ஆச்சி சொன்னது எனக்கு விளங்கப் பல நாள் பிடித்தது. அடுப்பில் உலை வைத்துவிட்டு அரிசி இல்லையென்றால் நாம் என்ன செய்வோம்? பக்கத்து வீட்டில் ஒரு சுண்டு கைமாற்றாக வாங்குவோம். அதை யாரும் களவு என்பதில்லை, நடிப்பு என்பதுமில்லை. நன்றியையும் அப்படி வாங்கலாம் என்று எந்த மறைக்கல்விப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை, அந்தத் தண்ணீர் வரிசையில்தான் படித்தேன். "எல்லாச் சூழ்நிலையிலும் நன்றி கூறுங்கள்" என்று பவுல் தெசலோனிக்கருக்கு எழுதியது தனியொரு விதவைக்கு இல்லை. ஒரு சபைக்கு. அதுவும் துன்பப்பட்டுக்கொண்டிருந்த சபைக்கு. சபையில் ஒருத்திக்குக் குரல் எழும்பாத நாளில் மற்றவர்கள் சொல்லட்டும்.

பழைய மொழிபெயர்ப்பில் அந்த வசனம் "எல்லாவற்றிலேயும்" என்று இருக்கும். வெள்ளத்துக்குள்ளே நின்றுகொண்டு நன்றி சொல்வது வேறு, வெள்ளத்துக்காக நன்றி சொல்வது வேறு. (எபேசியருக்கு எழுதியதில் "எல்லாவற்றிற்காகவும்" என்று வருகிறதே என்று எனக்கு எழுதப்போகும் வாசகருக்கு: தெரியும். அதே பவுல் தன் உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடச் சொல்லி மூன்று முறை கெஞ்சினார் என்பதும் தெரியும்.)

இன்னொன்று. இராவுணவில் இயேசு கிண்ணத்தை எடுத்து நன்றி செலுத்தினார். அன்று இரவே கெத்சமனித் தோட்டத்தில் "இந்தக் கிண்ணத்தை என்னிடமிருந்து எடுத்துவிடும்" என்று மன்றாடினார். மாற்கு 14ஆம் அதிகாரத்தில் இரண்டும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. ஒரே இரவு, ஒரே வாய். மேசையில் இருந்த கிண்ணத்துக்கு நன்றி, வரப்போகிற கிண்ணத்துக்கு "வேண்டாம்". உமக்கும் வேண்டாம் என்று சொல்ல உரிமை இருக்கிறது. அதையும் கோயிலுக்குள் வைத்தே சொல்லலாம். சங்கீதம் 88ஐ எடுத்துப் பாரும். அது இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. ஒரு நன்றி வார்த்தை கிடையாது. அதை வேதாகமத்தில் இருந்து யாரும் வெட்டி எறியவில்லை.

அந்த அக்கா மீது கோபம் வேண்டாம். ஆனால் அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. உயிரோடு இருப்பதே கொடுப்பினை என்று புருஷன் செத்த வருடத்தில் ஒருத்தியிடம் சொல்லுவது ஆறுதல் இல்லை, கணக்கு முடிக்கிற அவசரம்.

என் வாய் எப்போது திறந்தது என்று கேட்பீர். 2010இல் ஊருக்கு வந்தோம். வீட்டுக்குக் கூரை இல்லை, கிணறு முழுக்கக் குப்பையும் கல்லும். அயலில் நாலு பேர் சேர்ந்து இறைத்தார்கள். சம்பளம் வாங்கவில்லை, பிளேன்ரீயும் பாணும்தான். நாலாம் நாள் அடியில் இருந்து தெளிந்த தண்ணீர் ஊறி வந்தது. ஒருவர் பேணியில் அள்ளித் தந்தார். குடித்துவிட்டு, "தகுதியும் நீதியும் ஆனதே" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. கிணற்றடியில் நின்றவர்கள் ரீச்சருக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அந்தத் தண்ணீருக்குத்தான் சொன்னேன். தம்பிக்காக இன்றுவரை சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. அது ஆண்டவருக்கும் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசாமல் பதினாறு வருடமாக நல்லபடியாகத்தான் இருக்கிறோம்.

ஆகவே பூசைக்குப் போம். அந்த வரியில் வாயை மூடிக்கொண்டு நில்லும். மிச்சம் இருக்கிற மூன்று மாட்டில் பால் கறக்கிறது எது என்று எனக்கு எழுதும்.

கேள்வி: மகளின் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தால் ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோயிலுக்கு நடந்து வருவதாக நேர்த்தி வைத்தேன். மகள் சுகம். ஆனால் வேலையும் போய், கையில் காசும் இல்லாமல் நடக்கவும் முடியவில்லை, பஸ்ஸிலும் போகவில்லை. மாதா கோபிப்பாவா?
ஒரு தகப்பன், வவுனியா

பதில்: தம்பி, மடு மாதாவின் கதையை ஒருதரம் நினைத்துப் பாருங்கள். 1670இல் ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தையில் இருந்து சனங்கள் அவவின் சுருவத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது திரும்பவும் தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள். அந்த ஆவணியில்தான் மடுவுக்குத் திரும்பி வந்தா. இரண்டு முறை இடம்பெயர்ந்தவளுக்கு, கையில் காசில்லாமல் வீட்டில் நின்றுவிட்ட உங்கள் கதை விளங்காதா? ஆடித் திருவிழா யூலை 2ஆம் திகதி இருக்கிறது. அதற்கும் முடியாவிட்டால் வேறொரு நாள், கூட்டம் இல்லாமல், மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். என்னைக் கேட்டால் மடு காடு ஆளில்லாத நாளில்தான் அழகு.

கேள்வி: அயலில் உள்ள சைவக் குடும்பம் பொங்கலுக்குக் கூப்பிடுகிறது. நாங்கள் வேதக்காரர். போகலாமா?
ஒரு வாசகி, கிளிநொச்சி

பதில்: போங்கள். எங்கள் கோயில்களிலும்தான் தை பிறந்தால் பானை வைத்துப் பொங்கிப் பூசை கொடுக்கிறோம். இந்த வருடம் எங்கள் பக்கம் பல வீட்டில் புது அரிசி இல்லை, கடையில் வாங்கிய பச்சையரிசிதான் பானைக்குள் போகும். அந்த வீட்டு வயலும் வெள்ளத்தில் போயிருந்தால் வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு கிலோ சர்க்கரையும் கொஞ்சம் பயறும் கொண்டுபோங்கள். பயறை வறுத்துக் கொண்டுபோனால் அவர்களுக்கு வேலை மிச்சம்.