அந்தச் சமையலறையில் ஏன் யாரும் மறுக்கவில்லை?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

‘தி மெனு’ படத்தை நேற்றுதான் பார்த்தேன். தனித்தீவில் ஓர் உணவகம், சாப்பிட ஆளுக்கு 1250 டாலர், வந்தவர்கள் எல்லோரையும் கொல்லத் திட்டமிட்டு விருந்து வைக்கும் செஃப். பணக்காரர்களையும் உணவு விமர்சகரையும் படம் கிழித்துத் தொங்கவிடுவது பிடித்திருந்தது. ஆனால் அங்கே வேலை செய்கிறவர்களும் சேர்ந்துதானே எரிந்து சாகிறார்கள்? ஒருவர்கூட மறுக்காதது நம்பும்படி இல்லையே.

ஆர்., சேலம்

அன்புள்ள ஆர்.,

எனக்கு அந்தப் படத்தில் மிகவும் நம்பும்படி இருந்ததே அதுதான்.

சமையல்காரர்கள் தூங்கும் இடத்தை ஆரம்பத்திலேயே காட்டிவிடுகிறார்கள். ஒரே கூடம், வரிசையாகக் கட்டில்கள், பட்டாளத்துக் கொட்டடி மாதிரி. பொருத்தமான காட்சி. பெரிய உணவகங்களின் சமையலறை அடுக்குமுறையை வகுத்த எஸ்கோஃபியே, 1870இல் பிரஷ்யாவுடன் நடந்த போரில் பிரெஞ்சு ராணுவத்துக்குச் சமைத்தவர். பிரிவுக்கு ஒரு பொறுப்பாளர், எல்லோருக்கும் மேலே ஒரு தலைவர், அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. ‘எஸ், செஃப்’ என்ற பதில் அங்கிருந்து வருவதுதான். நூறு தட்டுகள் நேரத்துக்கு வெளியே போக இந்த ஒழுங்கு வேண்டும், சரி. ஆனால் இருபது வயதில் உள்ளே வருகிறவருக்கு, தான் யார் என்பதையே செஃப்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கோபன்ஹேகனின் நோமா, உலகின் சிறந்த உணவகங்கள் பட்டியலில் ஐந்து முறை முதலிடம் பிடித்தது. அங்கே பயிற்சிக்குப் போனவர்களுக்கு 2022 வரை சம்பளம் கிடையாது. அந்தப் பெயருக்காக உலகம் முழுவதிலிருந்தும் போனார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. படம் வெளியானது 2022 நவம்பரில். அடுத்த ஜனவரியிலேயே, இப்படி ஓர் உணவகத்தை இனி நடத்த முடியாது, பணத்தாலும் முடியாது மனத்தாலும் முடியாது என்று அதன் தலைவர் ரெனே ரெட்ஸெப்பி அறிவித்தார்.

இப்போது படத்தில் உதவிச் செஃப் ஜெரமி வரும் காட்சியை நினைத்துப் பாருங்கள். நீ நன்றாகச் சமைக்கிறாய், ஆனால் உன்னதத்தை ஒருநாளும் தொடமாட்டாய் என்று எல்லோர் முன்னாலும் செஃப் ஸ்லோவிக் சொல்கிறார். ஸ்லோவிக்காக நடிக்கும் ரால்ஃப் ஃபைன்ஸ் அங்கே குரலை உயர்த்துவதே இல்லை, கிட்டத்தட்ட பாசமாகச் சொல்கிறார். ஜெரமி எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டுவிட்டுத் தன்னைச் சுட்டுக்கொள்கிறான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது அந்த ரத்தம் அல்ல, அந்தச் சம்மதம்.

அப்புறம் இன்னொரு உதவிச் செஃப், கேத்ரின். செஃப் தன்னிடம் அத்துமீற முயன்றதையும், மறுத்தபின் பல மாதங்கள் தன் கண்ணைக்கூடப் பார்க்காததையும் சொல்லி, அவர் தொடையில் கத்தரிக்கோலைக் குத்துகிறாள். கொஞ்ச நேரத்தில், எல்லோரும் சாக வேண்டும் என்ற யோசனையே தன்னுடையதுதான் என்று பெருமையோடு சொல்கிறாள். உங்கள் கேள்விக்கான பதில் அவளிடம் இருக்கிறது. அவமானப்படுத்தியவரை அவள் வெறுக்கிறாள், ஆனால் அவர் தன் யோசனையை ஏற்றுக்கொண்டதுதான் அவள் வாழ்க்கையில் கிடைத்த பெரிய பாராட்டு.

எனக்கும் ஒரு மனக்குறை உண்டு, அது வேறு. ஸ்லோவிக்குக்கு ஒரு பழைய வாழ்க்கை இருக்கிறது. இளம் வயதில் பர்கர் கடையில் சிரித்துக்கொண்டு நிற்கும் புகைப்படம் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அவரிடம் ஒரு பர்கர் கேட்டுத்தான், விருந்துக்கு வந்த மார்கோ உயிர் தப்புகிறாள். மற்ற சமையல்காரர்களுக்கு அப்படி ஒரு புகைப்படம்கூட இல்லை. பணத்திமிர் பிடித்த மூன்று இளைஞர்களுக்குக் கொடுத்த நேரத்தில் பாதியைக் கேத்ரினுக்குக் கொடுத்திருந்தால், நம்பும்படி இல்லை என்று நீங்கள் எழுதியிருக்க மாட்டீர்கள்.