சிதறிய பண்புகள் எப்படி ஒரே பொருளாகின்றன? ஆன் டிரீஸ்மனின் ஆய்வுகள்

நிறமும் வடிவமும் மூளையில் தனித்தனியே பதிவாகும்போது, நாம் எப்படி முழுப் பொருளைக் காண்கிறோம் என்று கேட்டிருந்தீர்கள். இக்கேள்விக்கு விடை தேடியவர்களில் முதன்மையானவர், 1935-இல் இங்கிலாந்தில் பிறந்த உளவியலாளர் ஆன் டிரீஸ்மன்.

ஆக்ஸ்ஃபோர்டில் அவர் முதலில் ஆராய்ந்தது செவியின் கவனத்தை. ஒரு காதின் செய்தியை மட்டும் கவனிக்கும்போது மறுகாதின் செய்தி முற்றிலும் தடைபடுவதில்லை, வலுக்குறைந்து உள்ளே வருகிறது என்றார்.

பின்னர் பார்வைக்குத் திரும்பி, 1980-இல் கேரி கெலேடுடன் பண்பு ஒருங்கிணைப்புக் கோட்பாட்டை வெளியிட்டார். அதன்படி நிறம், சாய்வு போன்ற பண்புகள் பார்வைப்புலம் முழுவதும் ஒருசேரப் பதிவாகின்றன. அவற்றைப் பிணைப்பது கவனமே. பச்சை எழுத்துகளிடையே உள்ள ஒற்றைச் சிவப்பு எழுத்து, எத்தனை எழுத்துகள் சூழ்ந்திருந்தாலும் சட்டெனக் கண்ணில் படுகிறது. நிறம், வடிவம் இரண்டையும் சேர்த்துத் தேட வேண்டியிருந்தாலோ, கூட்டம் பெருகப் பெருகத் தேடும் நேரமும் நீள்கிறது.

இதைவிட என்னை வியக்கவைப்பது அவருடைய 1982 ஆய்வு: கவனம் வேறிடத்தில் இருக்கையில் கண நேரம் எழுத்துகளைக் காட்டியபோது, பங்கேற்றோர் ஓர் எழுத்தின் நிறத்தை இன்னோர் எழுத்தின்மேல் ஏற்றி, அங்கே இல்லாத ஒன்றைக் கண்டதாகவே சொன்னார்கள். பண்புகள் முதலில் தனித்தனியாகவே மிதக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.