சோம்பல், ஊக்கம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு 34 வயது. வீட்டிலிருந்தே வேலை. அலுவலகம் கேட்பதை எப்படியோ செய்து அனுப்பிவிடுகிறேன். மற்றதெல்லாம் அப்படியே கிடக்கிறது. கணக்கியல் தேர்வு ஒன்றுக்குப் பணம் கட்டி ஏழு மாதமாகிறது. பாடத்தில் மூன்றாம் அத்தியாயத்தைத் தாண்டவில்லை. பதில் போடாத மின்னஞ்சல்கள், பிரிக்காத தபால்கள் வேறு. இரவு இரண்டு மணிவரை செல்போன், காலை ஒன்பதரைக்கு எழுகிறேன். நண்பர்கள் வந்தால் சிரித்துப் பேசுகிறேன், படம் பார்த்தால் ரசிக்கிறேன். மூன்று முறை டைம்டேபிள் போட்டேன்: ஐந்து மணிக்கு எழுவது, ஒரு மணி நேர ஓட்டம், மூன்று மணி நேரப் படிப்பு. மூன்றாம் நாளைத் தாண்டியதில்லை. வீட்டில் சோம்பேறி என்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. பழைய உற்சாகம் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடும். அதை எப்படி வரவழைப்பது?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் டைம்டேபிளிலிருந்தே தொடங்குகிறேன். இரண்டு மணிக்குப் படுப்பவர் ஐந்து மணிக்கு எழுந்தால் மூன்று மணி நேரத் தூக்கம். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். வீம்பில் இரண்டு நாள் ஓடும், மூன்றாம் நாள் உடம்பு படுத்துவிடும். மூன்று முறையும் அங்கேயே நின்றதற்குக் காரணம் தேட மன உறுதிவரை போகவேண்டாம், கூட்டல் கழித்தல் போதும்.

ஒன்றை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். நன்றாகத் தூங்கிய பிறகும் அசதி இருந்தால் மருத்துவரிடம் போய் ரத்தசோகை, தைராய்டு, பி12 மூன்றையும் சோதித்துக்கொள்ளுங்கள். பிடித்தவையும் பிடிக்காமல் போய், மனம் கனத்தே இருந்து, அது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், சிகிச்சை வேண்டும். சாகத் தோன்றினால் அன்றைக்கே உதவி தேட வேண்டும். நண்பர்களுடன் சிரிப்பதாக எழுதியிருக்கிறீர்கள், நல்ல அறிகுறிதான். ஆனால் கடிதத்தை வைத்து நான் தீர்ப்பு சொல்லக்கூடாது.

இனி, சோம்பேறி என்ற பட்டம். புத்தகத்தைத் திறக்கும் கணத்தில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். ‘ஏழு மாதம் போய்விட்டது’ என்று ஒரு கூச்சம், புரியாமல் போய்விடுமோ என்று ஒரு பயம். கை செல்போனுக்குப் போகிறது. உடனே ஒரு நிம்மதி. அந்த நிம்மதிதான் கூலி. கூலி கிடைத்த செயலை மனம் மறுநாளும் செய்யும். தள்ளிப்போடுவது நேரத்தைக் கையாளத் தெரியாத குறையல்ல, கசப்பான உணர்விலிருந்து தப்பிக்கும் வழி என்று ஃபியூஷா சிரோய், டிமதி பிச்சில் போன்ற உளவியலாளர்கள் சொல்வது இதைத்தான். உங்களை நீங்களே திட்டிக்கொள்வது அந்தக் கசப்பைக் கூட்டுகிறது, தப்பிக்கும் தேவையும் கூடுகிறது. 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தம்மை மன்னித்துக்கொண்ட மாணவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள்.

உற்சாகம் வந்தால் செய்வேன் என்கிறீர்கள். வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள். மனச்சோர்வு சிகிச்சையில் உளவியலாளர் பீட்டர் லெவின்சன் 1970-களிலேயே செயலை முன்னால் வைத்தார். இன்னொரு உளவியலாளரான நீல் ஜேக்கப்சனின் குழு 1996-இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, நோயாளியை அன்றாடச் செயல்களுக்குத் திருப்பும் பகுதி மட்டுமே, எண்ணங்களைத் திருத்தும் முழுச் சிகிச்சைக்கு நிகரான பலனைத் தந்தது. படுக்கையிலிருந்தே எழ முடியாதவர்களுக்கு உதவிய முறை உங்களுக்கும் உதவும்.

முதல் மூன்று நாள் எதையும் மாற்றாதீர்கள். ஒரு தாளில் அரை மணிக்கு ஒரு கட்டம் போட்டு, என்ன செய்தீர்கள், மனநிலை பத்துக்கு எத்தனை என்று மட்டும் குறியுங்கள். செல்போன் நேரத்துக்கு நீங்களே போடும் மதிப்பெண் அநேகமாக உங்களை ஆச்சரியப்படுத்தும். அது ஓய்வாகக்கூட இருந்திருக்காது.

நான்காம் நாள் ஒரே ஒரு வேலை. ஓட்டம் வேண்டாம், தேர்வுப் படிப்பு மட்டும், பத்து நிமிடம். இருப்பதிலேயே மோசமான நாளிலும் செய்ய முடிகிற அளவுதான் சரியான அளவு. ‘படிக்க வேண்டும்’ என்பது வேலையின் பெயர், அதைக் கையால் செய்ய முடியாது. ‘மூன்றாம் அத்தியாயத்தின் இரண்டாம் கணக்கைத் தாளில் எடுத்தெழுதுவது’ என்றால் கைக்குத் தெரியும். எப்போது, எங்கே என்பதையும் முன்கூட்டியே கட்டிவையுங்கள்: ‘பல் துலக்கி முடித்ததும் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து அந்தக் கணக்கை எழுதுவேன்.’ இப்படி ‘இது நடந்ததும் அது’ என்று முடிச்சுப் போடுவது வெறும் உறுதிமொழியைவிட நன்றாக வேலை செய்கிறது என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். புத்தகமும் பேனாவும் முந்தைய இரவே மேசைக்கு வந்துவிடட்டும். செல்போன் வேறு அறையில் சார்ஜில் இருக்கட்டும். மணி பார்க்கக் கடிகாரம் போதும்.

பத்து நிமிடம் ஆனதும் எழுந்துவிடுங்கள், கணக்கு பாதியில் நின்றாலும். பாதியில் நிறுத்தப்பட்ட வேலைக்கு மனிதர்கள் தானாகவே திரும்பப் போகிறார்கள் என்பதை உளவியலாளர் மரியா ஓவ்சியாங்கினா 1928-இலேயே காட்டிவிட்டார். எழும் முன் அடுத்த வரியில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிவையுங்கள். மறுநாள் எங்கே விட்டோம் என்று தேடும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் பலர் நழுவிவிடுகிறார்கள்.

வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் அடுத்த வாரம் பதினைந்து நிமிடம், பிறகு இருபத்தைந்து. நடக்காவிட்டால் அதே பத்து, தேவைப்பட்டால் ஐந்து. இந்த முறை கெடுவது பெரும்பாலும் நல்ல நாளில்தான். ஏதோ ஒரு நாள் உற்சாகம் வந்து மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிடுவீர்கள். மறுநாள் பத்து நிமிடம் கேவலமாகத் தெரியும், மூன்று மணி நேரம் மலைப்பாகத் தெரியும், இரண்டும் நடக்காது. முதல் இரண்டு வாரம் உற்சாகத்தை நம்பாதீர்கள். புது நோட்டு வாங்குவது, செயலி இறக்குவது, ஊக்கமூட்டும் காணொளி பார்ப்பது எதுவும் கணக்கில் சேராது. காணொளிகள் குறிப்பாக. ஓடாமலேயே ஓடிய களைப்பைத் தருபவை அவை.

ஒரு நாள் விட்டுப்போனால் அதை மறுநாளின் கடனாகச் சேர்க்க வேண்டாம். லண்டனில் ஃபிலிப்பா லாலி என்ற ஆய்வாளர், புதிதாக ஒரு பழக்கத்தைத் தொடங்கிய 96 பேரை 12 வாரம் கவனித்தார். ஒரு செயல் பழக்கமாக 18 முதல் 254 நாள்வரை ஆகலாம், நடுவான அளவு 66 நாள் என்று கணக்கிட்டார். இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பைத் தரவில்லை. ‘21 நாளில் பழக்கம்’ என்று கேட்டிருப்பீர்கள், மறந்துவிடுங்கள்.

தூக்க விஷயத்தில், படுக்கும் நேரத்தோடு மல்லுக்கட்டாதீர்கள், எழும் நேரத்தைப் பிடியுங்கள். ஒன்பதரையை ஒன்பதேகாலாக்கி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னால் நகர்த்துங்கள். ஏழரையில் நிறுத்தலாம், ஐந்து மணிக்குத் தனி மகிமை கிடையாது. எழுந்ததும் வெளிச்சத்தில் நில்லுங்கள். காபியின் காஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரமாகும், ஆகவே மதியத்தோடு சரி. விடுமுறையிலும் அதே நேரத்துக்கு எழ வேண்டும், இல்லையேல் மறுநாள் மீண்டும் முதலிலிருந்து.

தபால்களுக்கு இருபது நிமிட வேலை ஒன்று. பிரிப்பது மட்டும், பதில் எழுதக்கூடாது. கெடு உள்ளவை தனியே, மற்றவை தனியே, மிச்சம் குப்பைக்கு. கெடுவின் தேதியை உறைமேல் பெரிதாக எழுதுங்கள். பழைய மின்னஞ்சலுக்கு ‘தாமதத்துக்கு மன்னிக்கவும்’ என்ற ஒரு வரியும் விஷயமும் போதும். ஏன் தாமதம் என்று விளக்கப் புகுந்தால் அந்தக் கடிதம் இன்னொரு மாதம் கிடக்கும்.

கடைசியாக அந்தத் தேர்வு. அது உங்களுக்கு உண்மையிலேயே வேண்டுமா என்று நீங்கள் எங்கும் எழுதவில்லை. வேண்டாத ஒன்றுக்கு எந்த முறையும் ஊக்கம் தராது. கைவிடுவதிலும் தவறில்லை. ஆனால் இன்று முடிவெடுத்தால் அதுவும் தப்பித்தலாகவே இருக்கும். நான்கு வாரம் இப்படிப் படித்துப் பாருங்கள். பாடம் பிடிபடத் தொடங்கிய பிறகும் வேண்டாம் என்று தோன்றினால், விண்ணப்பத்தை முறைப்படி ரத்து செய்துவிட்டுப் புத்தகத்தை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்