பச்சைக்குப் பதில் பழுப்புத் தூள் வந்துவிட்டதா? தூக்கிப் போடாதீர்கள்

கேள்வி: சயனோடைப் அச்சு (ரசாயனம் பூசிய தாளை வெயிலில் காட்டி எடுக்கும் நீலப் படம்) எடுக்கப் பச்சை நிற ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் கேட்டேன், கடையில் பழுப்புத் தூளைக் கொடுத்துவிட்டார்கள். காலை வெயிலில் ஐந்து நிமிடம் வைத்துக் கழுவினால் நீலமெல்லாம் தண்ணீரோடு போய்விடுகிறது. தூள் கெட்டுப்போனதா?

பதில்: தூள் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. இரண்டும் ஒரே பொருளின் இரண்டு வடிவங்கள்தான். பழுப்பில் இரும்பு கொஞ்சம் கூடுதல், பச்சைக்கு ஒளி உணர்வு கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. ஆனாலும் சோதித்துவிடுங்கள். சிட்ரேட் கரைசலில் ஒரு சொட்டும், இந்த அச்சுக்குத் தேவையான இன்னொரு ரசாயனமான பொட்டாசியம் ஃபெரிசயனைடு கரைசலில் ஒரு சொட்டும் மங்கலான குண்டு பல்ப் வெளிச்சத்தில் கலந்து பாருங்கள். மஞ்சள் கலந்த பச்சையாக நின்றால் நல்ல தூள். கலந்த உடனே நீலமானால் அது ஏற்கெனவே வெளிச்சம் பட்டது.

சயனோடைப், 1842இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர், சிட்ரேட்டின் உதவியோடு மூன்று நேர்மின்சுமை கொண்ட இரும்பை இரண்டாகக் குறைக்கிறது, அந்த இரும்பு ஃபெரிசயனைடோடு சேர்ந்து தண்ணீரில் கரையாத பிரஷ்யன் நீலமாகிறது. வெயில் போதாவிட்டால் நீலம் மேலோட்டமாகத்தான் உருவாகும், கழுவும்போது போய்விடும். உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான். காலை வெயிலுக்கு ஐந்து நிமிடம் ரொம்பக் குறைவு. கடிகாரத்தைப் பார்க்காமல் தாளைப் பாருங்கள்: பச்சை போய், நீலமாகி, அதுவும் மங்கிச் சாம்பல் பூத்த மாதிரி ஆகும்வரை எடுக்காதீர்கள். பார்த்தால் கெட்டுப்போன மாதிரிதான் இருக்கும், பயப்படாதீர்கள், கழுவிக் காயவிட்டால் ஆழ்ந்த நீலம் திரும்பி வரும்.

அப்புறம் தாள். ஜெராக்ஸ் தாளில் சுண்ணாம்புச் சத்து கலந்திருக்கும், காரம் பட்டால் பிரஷ்யன் நீலம் சிதைந்துவிடும். காரச் சேர்மானம் இல்லாத வாட்டர்கலர் தாளில் பூசி, இருட்டில் நன்றாகக் காயவிட்டு எடுங்கள். ஈரத்தோடு வெயிலில் வைத்தாலும் நீலம் ஒட்டாது. போர் தண்ணீர் என்றால் முதல் அலசலில் சில சொட்டு வினிகர் விடுங்கள்.

சிட்ரேட் கரைசலில் பூஞ்சை பிடித்தால் வடிகட்டிப் பயன்படுத்தலாம். பழுப்பு பாட்டிலில், இருட்டில் வையுங்கள். ஃபெரிசயனைடை மட்டும் வலுவான அமிலத்தோடு சேர்க்கவோ சூடாக்கவோ கூடாது, நச்சு வாயு வரும்.